காற்றாலை இறக்கைக்கு மறுபிறவி உண்டா?

தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரத்தைக் கொடுத்தால் காசு தருவார். துருப்பிடித்த இரும்புக்கும் காசு உண்டு. உடைந்த பிளாஸ்டிக் வாளிக்கும் உண்டு. ஆனால் விரிசல் விட்ட பைபர் கூரைத் தகட்டையோ, உடைந்த பைபர் படகின் துண்டையோ கொண்டுபோய் வைத்தால், "இது விலை போகாது" என்று தள்ளிவிடுவார்.

காற்றாலைகளின் இறக்கைகளும் பெரும்பாலும் இதே பொருளால் ஆனவைதாம். ஆயினும் அவற்றைப் பற்றிப் பேசும்போது 'மறுசுழற்சி' என்ற சொல் இன்று தாராளமாகப் புழங்குகிறது. பெரிய நிறுவனங்கள் அறிக்கை விடுகின்றன. செய்தித்தாள்கள் அதை அப்படியே வெளியிடுகின்றன. பழைய சாமான்காரர் சொல்வது சரியா, அறிக்கைகள் சொல்வது சரியா? இந்தக் கட்டுரையில் அறிக்கைகளைச் சற்று உரசிப் பார்ப்போம்.

வெந்த முட்டை

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். கண்ணாடியை உருக்கி மிகச் சிறிய துளைகளின் வழியே வேகமாக இழுத்தால், தலைமயிரைவிட மெல்லிய இழை கிடைக்கிறது. இந்த இழைகளைத் துணிபோல் நெய்தோ, பாய்போல் பரப்பியோ, எபாக்சி அல்லது பாலியெஸ்டர் என்னும் பிசினில் தோய்த்து இறுக விட்டால் கிடைப்பதே கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள். (துணிக்குப் பயன்படும் பாலியெஸ்டர் வேறு, இந்தப் பிசின் வேறு.) மக்கள் வழக்கில் இதற்குப் 'பைபர்' என்று பெயர். இழை வலிமையைத் தருகிறது. பிசின் இழைகளைப் பிடித்துவைத்து உருவத்தைத் தருகிறது. எடை குறைவு; துருப்பிடிப்பதில்லை; உப்புநீரைத் தாங்கும். ஆகவே இரண்டாம் உலகப் போருக்குப் பின் படகு, குழாய், தொட்டி, வாகனக் கூடு என்று இது வேகமாகப் பரவியது. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரலே கார்வெட் காரின் மேற்கூடு இதனால் ஆனதே.

பிளாஸ்டிக்குகளில் இரு வகை உண்டு. வாளியும் குடமும் செய்யும் பிளாஸ்டிக் மெழுகைப் போன்றது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் உருக்கலாம். எபாக்சியும் பாலியெஸ்டர் பிசினும் முட்டையைப் போன்றவை. ஒருமுறை வெந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பா. இறுகும்போது அவற்றின் நீண்ட மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாக வேதிப் பிணைப்புகளால் கட்டுண்டு ஒரே வலையாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் உருகுவதில்லை, கருகத்தான் செய்யும். 20, 25 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் இடைவிடாது வளைந்து நிமிர்ந்து உழைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பிசினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இறக்கைக்கு நீண்ட ஆயுளைத் தரும் அதே பண்புதான், ஆயுள் முடிந்தபின் அதைத் தொல்லையாக்குகிறது.

கழிவு எவ்வளவு?

ஒரு காற்றாலையின் எடையில் 100-க்கு 85 முதல் 90 பங்கு வரை இரும்பு, செம்பு, காங்கிரீட் போன்றவை. இவற்றை மீட்கும் வழிகள் முன்பே இருக்கின்றன. எஞ்சிய இறக்கைகளே சிக்கல். 2050-ஆம் ஆண்டு வரை உலகில் சேரக்கூடிய இறக்கைக் கழிவு மொத்தம் 4 கோடியே 30 லட்சம் டன் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் மதிப்பிட்டனர். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள காஸ்பர் நகரக் குப்பைக் குழியில் மும்மூன்று துண்டாக அறுக்கப்பட்ட இறக்கைகள் வரிசை வரிசையாகப் புதைக்கப்படும் படங்கள் உலகெங்கும் வெளியாகிப் பெரும் விவாதத்தைக் கிளப்பின.

இங்கே ஓர் அளவுகோலையும் நினைவில் கொள்வது நியாயம். இந்தியாவின் அனல்மின் நிலையங்கள் ஒரே ஆண்டில் வெளியேற்றும் நிலக்கரிச் சாம்பல் மட்டும் 20 கோடி டன்னுக்கு மேல். அதனுடன் ஒப்பிட்டால், உலகம் முழுவதும் 2050 வரை சேரும் இறக்கைக் கழிவு சிறியதே. ஆகவே, "இறக்கைகளைப் புதைக்கிறார்கள், எனவே காற்றாலையே தீங்கு" என்று வாதிடுவது தவறு. அதற்காக, "எல்லாம் மறுசுழற்சி ஆகிவிடும்" என்று சொல்லிக் கேள்வியை மூடிவிடுவதும் சரியன்று.

அரைத்தல், சுடுதல், கரைத்தல்

கழிவை மீட்க இதுவரை கண்ட வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வழி அரைத்தல். கூட்டுப்பொருளைத் துண்டாக்கி, அரைத்து, சலித்தால் தூளும் குட்டை இழைகளும் கிடைக்கின்றன. இதற்கு ஆற்றல் குறைவாகவே தேவைப்படுகிறது. தொழில்நுட்பத்திலும் பெரிய சிக்கல் இல்லை. 1990-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் எர்காம் என்ற நிறுவனமும், கனடாவில் பீனிக்ஸ் பைபர்கிளாஸ் என்ற நிறுவனமும் இந்த வேலையைத் தொழிலாகவே தொடங்கின. கனடா நிறுவனம் 1996-இல் மூடப்பட்டது. ஜெர்மன் நிறுவனம் 2004-இல் மூடப்பட்டது. என்ன காரணம்? அரைத்த தூளைப் புதிய பிசினில் நிரப்பியாகச் சேர்க்கலாம். ஆனால் அந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படுவது சுண்ணாம்புக்கல் தூள். அது மலிவிலும் மலிவு. கழிவைத் திரட்டி, ஏற்றி வந்து, அரைத்துக் கொடுக்கும் தூள், வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லோடு விலையில் போட்டியிட முடியவில்லை. இயந்திரங்கள் நன்றாகவே ஓடின, கணக்கு ஓடவில்லை.

இரண்டாம் வழி சுடுதல். காற்றில்லாத அல்லது காற்றைக் கட்டுப்படுத்திய உலையில் பிசினை எரித்தும் சிதைத்தும் நீக்கிவிட்டு இழையை எடுக்கலாம். ஆனால் கண்ணாடி இழையின் வலிமை அதன் மேற்பரப்பின் செம்மையைப் பொறுத்தது. சூட்டில் அது கெடுகிறது. சுமார் 450 டிகிரி செல்சியசில் மீட்ட இழை தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. சூடு ஏற ஏற இழப்பும் ஏறுகிறது. அத்தகைய இழையைக் கொண்டு புதிய இறக்கை செய்ய முடியாது. வெளிவந்த ஆய்வுகளில், இவ்வகை மீட்புக்கு ஒரு கிலோவுக்கு 20 முதல் 30 மெகாஜூல் வரை ஆற்றல் செலவாவதாக மதிப்பீடுகள் உண்டு. புதிய கண்ணாடி இழை ஒரு கிலோ செய்யவே 13 முதல் 32 மெகாஜூல் வரை ஆகிறது என்று மதிப்பிடுகிறார்கள். இந்த எண்கள் முறைக்கு முறை மாறும். ஆயினும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் கவனியுங்கள். புதியது செய்ய ஆகும் ஆற்றலைச் செலவிட்டு, பாதி வலிமையுள்ள பழையதைப் பெறுவதால் என்ன ஆதாயம்? பிசினிலிருந்து கிடைக்கும் எண்ணெயையும் வாயுவையும் அந்த உலைக்கே எரிபொருளாக்கினால் கணக்கு சற்று மேம்படும், தலைகீழாக மாறிவிடாது.

மூன்றாம் வழி கரைத்தல். வேதிப்பொருள்களால் பிசினின் பிணைப்புகளை வெட்டி, இழையையும் பிசினின் மூலப்பொருளையும் தனித்தனியே மீட்பது. 2023-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக வேதியியலார், ருத்தேனியம் கொண்ட வினையூக்கியால் இறுகிய எபாக்சியை வெட்டி, அதன் மூலப்பொருளான பிஸ்பினால் ஏ-யையும் சேதமில்லாத இழைகளையும் எடுத்துக்காட்டினர். இது உண்மையிலேயே அழகான வேதியியல். வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியாது என்ற எண்ணத்தையே இது அசைத்துவிட்டது. ஆனால் ருத்தேனியம் விலை உயர்ந்த உலோகம். கரைப்பான்களும் நீண்ட நேரச் சூடும் தேவை. ஆய்வுக்கூடத்துக் குடுவைக்கும் ஆயிரக்கணக்கான டன் கழிவுக்கும் இடையில் இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

சிமென்ட் சூளையின் கணக்கு

இந்த மூன்றுக்கும் அப்பால் இன்று பெருமளவில் நடைமுறையில் உள்ள வழி சிமென்ட் சூளை. ஜெர்மனியின் லேகர்டார்ப் சிமென்ட் ஆலையில் இது பல ஆண்டுகளாக நடந்துள்ளது. இறக்கையைத் துண்டாக்கிச் சூளையில் இட்டால், பிசின் நிலக்கரிக்குப் பதிலாக எரிகிறது. கண்ணாடி சிமென்டின் மூலப்பொருளாகிவிடுகிறது. இறக்கைக்குப் பயன்படும் கண்ணாடியில் மணலின் பொருளான சிலிக்கா பாதிக்குச் சற்று மேல். கால்சியம் ஆக்சைடும் அலுமினியம் ஆக்சைடும் மீதியில் பெரும் பங்கு. இவை மூன்றும் சிமென்டுக்கு வேண்டியவையே. சூளையில் சுமார் 1,450 டிகிரி வெப்பம் இருப்பதால் கண்ணாடியும் அதில் கலந்துவிடும். சாம்பல் தனியே மிஞ்சுவதில்லை.

2020 டிசம்பரில் ஜி.ஈ. நிறுவனமும் வியோலியா நிறுவனமும் அமெரிக்காவில் இம்முறையைத் தொடங்குவதாக அறிவித்தன. 7 டன் எடையுள்ள ஓர் இறக்கையை இவ்வாறு பயன்படுத்தினால் ஏறக்குறைய 5 டன் நிலக்கரியும், 2.7 டன் சிலிக்காவும், 1.9 டன் சுண்ணாம்புக்கல்லும், ஏறக்குறைய 1 டன் பிற கனிமங்களும் மிச்சமாகும் என்றும், இறக்கையின் எடையில் 100-க்கு 65-க்கு மேற்பட்ட பங்கு மூலப்பொருளாகவும் சுமார் 28 பங்கு எரிபொருளாகவும் ஆகும் என்றும் அறிவிப்பு கூறியது.

மாணவ வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இதைச் சரிபார்க்கலாம். 7 டன்னில் 65 பங்கு என்றால் சுமார் 4.6 டன் கனிமம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் இட்டால் அதன் எடையில் 100-க்கு 44 பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும். ஆகவே 1.9 டன் சுண்ணாம்புக்கல் தருவது சுமார் 1.1 டன் கால்சியம் ஆக்சைடே. அதனுடன் 2.7 டன் சிலிக்காவையும் 1 டன்னுக்குச் சற்றுக் குறைவான பிற கனிமங்களையும் கூட்டினால் சுமார் 4.6 டன் வருகிறது. கணக்கு நன்றாகப் பொருந்துகிறது!

இனி நிலக்கரி. 7 டன்னில் 28 பங்கு சுமார் 2 டன். பிசின் எரியும்போது கிலோவுக்குச் சுமார் 30 மெகாஜூல் வெப்பம் தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 மெகாஜூல். நல்ல நிலக்கரி கிலோவுக்கு 25 மெகாஜூல் தரும். நடுத்தர நிலக்கரி 20 தரும். ஆகவே மிச்சமாவது இரண்டரை முதல் மூன்று டன் நிலக்கரி. 5 டன் எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக்கல்லைச் சிதைக்க வேண்டியிராததால் மிச்சமாகும் வெப்பத்தைச் சேர்த்தாலும் இடைவெளி நிரம்புவதில்லை. மிக மட்டமான நிலக்கரியை எடுத்துக்கொண்டார்களா? வேறு செலவுகளையும் நிலக்கரியாக மாற்றிச் சேர்த்தார்களா? அறிவிப்பைப் படிப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

இதனால் சிமென்ட் வழி பயனற்றது என்று ஆகாது. உண்மையான ஆதாயம் ஒன்று இதில் இருக்கிறது. கண்ணாடியிலுள்ள கால்சியம் முன்பே ஆக்சைடாக இருப்பதால் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயு அந்த அளவுக்குக் குறைகிறது. சிமென்ட் தொழில் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவதால் இது சிறிய செய்தியன்று. ஆனால் பிசின் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது. அதை எரித்தால் அதன் கரியும் நிலக்கரியின் கரியைப் போலவே வானுக்குத்தான் போகும். இன்னொரு வரம்பும் உண்டு. வழக்கமான கண்ணாடி இழையில் போரான் உள்ளது. அது மிகுந்தால் சிமென்ட் இறுகுவது தாமதமாகும். ஆகவே சூளையில் அளவோடுதான் இட முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் பற்றிய கேள்வி. நுட்பமாக நெய்த இழை இங்கே மணலுக்குப் பதிலாகிறது. பிசின் கரிக்குப் பதிலாகிறது. இதைக் 'கழிவைப் பயனுள்ள முறையில் முடித்தல்' எனலாம். பழைய செம்பு மீண்டும் செம்புக் கம்பியாவதற்கும் இதற்கும் ஒரே பெயரைச் சூட்டுவது வாசகரை மயக்குவதாகும்.

பணம் எந்த வாசல் வழியே வருகிறது?

கார்பன் இழை என்று ஒன்று உண்டு. அதைச் செய்யக் கிலோவுக்கு 180 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் ஆகிறது. விலையோ கண்ணாடி இழையைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆகவே அதைச் சுட்டு மீட்பது கட்டுப்படியாகிறது. அதற்கென்று தொழிற்சாலைகளும் இயங்குகின்றன. கண்ணாடி இழையின் மூலப்பொருளோ மணலும் சுண்ணாம்பும் களிமண்ணும். மலிவான பொருளை அருமையான முயற்சியால் மீட்பது எந்தச் சந்தையிலும் நிலைக்காது. பழைய சாமான்காரர் தள்ளிவிட்டதன் காரணம் இதுதான்.

எனவே கண்ணாடி இழை மறுசுழற்சி ஆலைக்குப் பணம் விற்பனை வாசல் வழியே வருவதில்லை. கழிவு நுழையும் வாசல் வழியே, "இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுக்கும் கட்டணமாக வருகிறது. புதைப்பது மலிவாக இருக்கும்வரை அந்தக் கட்டணத்தைக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். கரிமப்பொருள் மிகுந்த கழிவை அப்படியே புதைப்பதை ஜெர்மனி 2005-இல் தடை செய்தது. அந்நாட்டில் சிமென்ட் வழி வேரூன்றியதற்கு வேதியியலைவிட இந்தச் சட்டமே முக்கியக் காரணம் எனலாம். ஐரோப்பியக் காற்றாலைத் தொழிலின் சங்கமே 2021-இல், இறக்கைகளைப் புதைப்பதை 2025-க்குள் ஐரோப்பா முழுதும் தடை செய்யுமாறு கேட்டது. பிரான்சில் உல்லாசப் படகுகளின் விலையிலேயே அவற்றை உடைத்து அப்புறப்படுத்தும் செலவுக்கான பங்கு 2019 முதல் சேர்க்கப்படுகிறது.

கட்டணம் முன்னதாக வந்துவிடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. வாங்கிய கழிவைச் செயலாக்காமல் குவித்து வைத்தாலும் பணம் வந்தாயிற்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரின் ஓரத்தில், மறுசுழற்சிக்கென்று கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான இறக்கைகள் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்தது 2023-இல் செய்தியாயிற்று. ஊராருக்குக் கிடைத்தது குப்பைமேடு.

எது முதலில்?

புதைப்பதன் தீமையை மிகைப்படுத்தவும் கூடாது. இறுகிய பிசின் எளிதில் மக்குவதில்லை. ஆகவே ஈரக் குப்பையைப்போல் மீத்தேன் வாயுவை அது பெருமளவில் வெளிவிடாது. அதன் கரியும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். இடத்தை அடைப்பதும், உழைப்பும் ஆற்றலும் வீணாவதுமே அதன் முக்கியத் தீமைகள். திறந்தவெளியில் அறுப்பதும் கண்ட இடத்தில் எரிப்பதும் அதைவிடக் கேடானவை. அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலையும் கண்ணையும் உறுத்தும்; மூச்சோடு உள்ளே போகும்.

ஆகவே வரிசை இவ்வாறு அமைய வேண்டும். முதலாவது, ஆயுளை நீட்டுவது. இறக்கையைப் பழுதுபார்த்து 20 ஆண்டுகளை 30 ஆக்கினால், ஓராண்டுக்குரிய கழிவு மூன்றில் ஒரு பங்கு குறையும். இதற்கு இணையான மறுசுழற்சி முறை எதுவும் இன்று இல்லை. இரண்டாவது, இறக்கையை இறக்கையின் வடிவிலேயே வேறு பணிக்கு வைப்பது. போலந்தின் ஷ்ப்ரோட்டாவா நகரில் 2021-இலும், அயர்லாந்தின் கார்க் வட்டாரத்தில் 2022-இலும் பழைய இறக்கைகளை உத்தரமாகக் கொண்டு நடைபாலங்கள் அமைத்தனர். இழையின் வலிமை இங்கே முழுமையாகப் பயன்படுகிறது. ஆனால் எத்தனை பாலம் கட்ட முடியும்? கழிவில் சிறு பங்குக்கே இது வழி. மூன்றாவது சிமென்ட் சூளை. புதைப்பது கடைசி.

வருங்கால இறக்கைகளுக்கு வேறு விடை கிடைக்கலாம். மென்மையான அமிலத்தில் பிரிந்துவிடும் பிசினால் ஆன இறக்கையைச் சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021-இல் அறிமுகப்படுத்தியது. 2022-இல் ஜெர்மனியின் கடல் பகுதியில் அவை பொருத்தப்பட்டன. முடிவைத் தொடக்கத்திலேயே எண்ணிச் செய்யும் இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் அந்த இறக்கைகள் ஓய்வு பெற இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இன்று கீழே இறங்குபவை 1990-களிலும் 2000-களிலும் ஏறியவை. அவற்றுக்குப் புதிய பிசின் உதவாது.

நம் ஊர்க் கணக்கு

இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று. 1986-இல் தூத்துக்குடியில் தொடங்கிய காற்றாலை மின்சாரம் இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் கால் மெகாவாட் அளவுள்ள பழைய காற்றாலைகள் பல தம் காலத்தை முடித்துக்கொண்டிருக்கின்றன. சிறியவற்றை இறக்கிவிட்டுப் பெரியவற்றை ஏற்றுவதற்கான கொள்கையை மத்திய அரசு 2016-இலும் 2023-இலும், தமிழ்நாடு அரசு 2024-இலும் வெளியிட்டன. காற்று நன்றாக வீசும் இடத்தில் பெரிய இயந்திரம் வைப்பது நல்லதே. ஆனால் இறங்கும் இறக்கைகள் எங்கே போகும்? 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் நம் கரைகளில் பெருகிய பைபர் படகுகளும் இதே கேள்வியைக் கேட்கின்றன.

நமக்கு ஒரு வசதி உண்டு. தாழையூத்து, விருதுநகர், அரியலூர் வட்டாரங்களில் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. தென்மாவட்டக் காற்றாலைகளிலிருந்து அவை வெகுதொலைவில் இல்லை. நீண்ட இறக்கையை ஏற்றிச் செல்லும் செலவே பெரும் செலவாக இருக்கும் இத்தொழிலில் இது சிறிய ஆதாயமன்று. ஆனால் அறுப்பவருக்கும் ஏற்றுபவருக்கும் அரைப்பவருக்கும் யார் கூலி கொடுப்பது? காற்றாலையை நிறுவும்போதே அதை இறக்கி முடிக்கும் செலவுக்கு ஒரு தொகையை வைப்பாகக் கட்டச் செய்வதே நேர்மையான வழி. இல்லாவிட்டால் உடைமையாளர் போன பின் இறக்கை வயல் ஓரத்திலேயே கிடக்கும். செலவு அந்த நிலத்து உழவர் தலையில் விழும்.

இனி 'மறுசுழற்சி' என்ற அறிவிப்பைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மீட்ட பொருள் எந்தப் புதிய பொருளின் தேவையைக் குறைக்கிறது? மீட்க ஆகும் ஆற்றல், புதிதாகச் செய்ய ஆகும் ஆற்றலைவிடக் குறைவா? செலவை யார் ஏற்கிறார்? இந்த மூன்றுக்கும் எண்களோடு விடை சொல்லும் அறிவிப்பை நம்பலாம். சொல்லாத அறிவிப்பைப் பொறுத்தவரை, பழைய சாமான்காரரின் மதிப்பீடே இன்றைக்குச் சரியானது.